குடிக்காமல் நிற்கும் குருவி

ஜுனைதீன் நானா போய்விட்ட செய்தி கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் வைத்துத்தான் எனக்குக் கிடைத்தது. திகன பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் ஒரு புது மண்சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகள் ரிஸ்னா தொலைபேசியில் அழைத்தாள். "மிஸ், வாப்பா மௌத்தாகிட்டாங்க. விடிய சுபஹு தொழுதிட்டுப் படுத்தவங்க, எழும்பவே இல்ல. பின்னேரம் அஸரோட அடக்கம்." நான் "ஓம் பிள்ளை, வாறன்" என்றேன். மடியில் இருந்த சட்டி அவருக்காக வாங்கியது. எங்கள் மதிலில் குருவிகளுக்குத் தண்ணீர் வைக்கும் பழைய சட்டியை அவருடைய பூனை தட்டி உடைத்திருந்தது.

உங்களில் பலருக்கு அவர் திகன டவுனில் ஃபேன் திருத்துகிற நானா. வெயில் காலம் தொடங்கினால் அவருடைய கடை வாசலில் சுழலாத ஃபேன்கள் எல்லாம் வந்து குவிந்துவிடும். எனக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியை உத்தியோகத்துக்கென்று இங்கே வந்து, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவள். கணவர் காலமாகிவிட்டார். மகன் மெல்பேர்னில் இருக்கிறான். நானாவுக்கும் மனைவி இல்லை, மகள் கல்யாணமாகி அக்குறணையில் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு மதில். என்னுடைய ஒரு நாளில் முகம் பார்த்துப் பேசுகிற பேச்சு என்றால், அது அந்த மதிலடியில் நடந்ததுதான்.

பின்னேரம் கடை பூட்டி வந்து, முகம் கழுவி, மதிலில் முழங்கையை ஊன்றிக்கொள்வார். "ஒரு கேள்வி ஈக்கி மிஸ்" என்பார். அந்த வெயிலில் மனிதருக்கு வருகிற கேள்விகளா அவை! கூரை மேல் தண்ணீர்த் தாங்கி கொதிக்கிறது, பானைத் தண்ணீர் மட்டும் ஏன் குளிர்ந்து கிடக்கிறது? பல்லியின் வால் அறுந்த பிறகும் யாரைக் கேட்டுத் துடிக்கிறது? முதல் தடவை நான் கையிலிருந்த ஃபோனை எடுத்தேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அத வைங்க மிஸ். அது பதில் செல்லிட்டா, பொறகு நாங்க என்னத்தப் பேசுற?"

சரி என்று வைத்தேன். ஆனால் நான் லேசுப்பட்ட ஆள் இல்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் தேடிப் பார்த்துவிடுவேன். பார்த்ததைப் பற்றி அவரிடம் மூச்சு விடமாட்டேன், அவ்வளவுதான்.

அவருடைய பூனையின் பெயர் சுல்தான். செம்மஞ்சள் நிறம், நல்ல தடியன். சூடு தாங்காமல் முகம் கழுவும் தொட்டிக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். நானா அதை எழுப்ப மனமில்லாமல் வெளிக் குழாயில் போய் முகம் கழுவுவார். அது ஒரு நாள் என் முற்றத்துப் புல்லைத் தின்றுவிட்டு, என் கால்மிதியில் வந்து வாந்தியெடுத்தது. நான் மதிலுக்கு மேலால் கத்தினேன். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், கண்ணை விரித்துக்கொண்டு, "அல்லாஹ்வே, பூனை ஏன் மிஸ் புல்லுத் திங்கிது?" என்றார். வயிற்றைச் சுத்தம் பண்ண என்றேன். "இல்ல மிஸ். மீன் திண்டு அலுத்துப்போச்சி. அது சலாது கேக்குது." அடுத்த நாள் வெள்ளரிக்காய் வெட்டி வைத்துப் பரிசோதனை. சுல்தான் மணந்து பார்த்துவிட்டு, அவமானப்பட்டதுபோல் எழுந்து போய்விட்டது. "தேசிக்காய்ப் புளி விட மறந்திட்டன்" என்றார். வயிறு நோகச் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்ததென்று எனக்கே தெரியாது.

மதில் சட்டி பெரிய கரைச்சலில் கொண்டுபோய் விட்டதும் உண்டு. டெங்கு நுளம்புச் சோதனைக்கு ஒரு தம்பி வந்து, தேங்கிய தண்ணீரைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். "மிஸ்ஸுட" என்றார் நானா. "நானாவின்ர" என்றேன் நான். மதில் பொது, சட்டியும் பொது, குற்றம் மட்டும் மற்றவருடையது! அந்தத் தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தினமும் பழைய தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுச் சட்டியைத் தேய்த்து வைப்பதென்றால் இருக்கட்டும் என்றார். நானா அன்றைக்குக் கொடுத்த வாக்கை ஒரு நாளும் தவறவிடவில்லை. நோன்பு மாதத்தில், நாக்கு வறண்டு நிற்கும் மத்தியான வெயிலிலும் சட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். "உங்களுக்கே ஒரு சொட்டு இல்லை, இதென்ன?" என்றேன். "எனக்குத்தானே மிஸ் நோன்பு, குருவிக்கில்லயே" என்றார்.

கடைசிப் பின்னேரத்துக் கேள்வியும் அந்தக் குருவிகளைப் பற்றியதுதான். கூட்டமாகத் திரிந்து, கூட்டமாகச் சத்தம் போடும் தவிட்டுக்குருவிகள். உடைந்த சட்டியின் அடித்துண்டில் அவர் ஊற்றியிருந்த தண்ணீரை மற்றக் குருவிகள் குடிக்கும்போது, ஒன்று மட்டும் குடிக்காமல் முருங்கைக் கொப்பில் நின்று சுற்றிவரப் பார்த்துக்கொண்டிருந்தது. "காவலுக்கு நிக்கிது" என்றேன். "அது வெளங்குது மிஸ். ஒவ்வொரு நாளும் ஒரே ஆளா நிக்கிற? இல்லாட்டி முறை வச்சி மாறுற?" முறைதான் என்றேன். "இல்ல. ஒரே ஆள்தான். பாவம்" என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்று உள்ளே போனார். எனக்கு அன்று ஒரே அலுப்பு. தேடிப் பார்க்காமலே படுத்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வீட்டுக்குள் பெண்களோடு உட்கார்ந்தேன். ரிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மிஸ்ஸுக்குத் தெரியுமா, வாப்பா ஒவ்வொரு நாளும் எனக்கு கோல் எடுப்பாங்க. பல்லி வால் ஏன் துடிக்கிது, பூனை ஏன் புல்லுத் திங்கிது எண்டு ஃபோன்ல பாத்துச் செல்லு எண்டுவாங்க. நான் பாத்துச் செல்லுவன். 'சரி, மிஸ்ஸுக்குச் செல்லிடாத, இத வச்சிக் கொஞ்ச நாளைக்கி ஓட்டலாம்' எண்டு சிரிப்பாங்க."

மரண வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதில் தெரிந்த இரண்டு பேர், ஒன்றும் தெரியாததுபோல், இத்தனை கோடைகாலம் சண்டை பிடித்திருக்கிறோம். பிறகுதான் அழுதேன். அழுது முடிந்த பிறகு, "குருவிக் கேள்வி கேட்டவரோ பிள்ளை?" என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தக் குருவி மிஸ்?"

சுல்தானை ஒரு கூடையில் வைத்து அவள் அக்குறணைக்குக் கொண்டுபோய்விட்டாள். போகும் வழி முழுக்கக் கத்தியதாம். மகன் மெல்பேர்னிலிருந்து நாளாந்தம் தொலைபேசியில் எடுக்கிறான். "சாப்பிட்டியளோ அம்மா? குளிசை போட்டியளோ?" நல்ல பிள்ளைதான். ஆனால் அவனுடைய கேள்விகளுக்கு ஓம், ஓம் என்று சொன்னால் முடிந்துவிடுகிறது. பின்னேரங்களில் மதிலடிக்குப் போய்விட்டு, ஏன் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். தனிமை என்றால் இதுதான். அதற்கு வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

புதுச் சட்டியை மதிலில் வைத்திருக்கிறேன். காலையில் பழைய தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, தேய்த்து, நிரப்புகிறேன். குருவிகள் வருகின்றன. ஒன்று குடிக்காமல் கொப்பில் நிற்கிறது. நேற்று நின்றதா, வேறொன்றா, எல்லாம் ஒரே நிறம், பிடிபடவில்லை. ஃபோன் என் கையில்தான் இருக்கிறது. விரலால் தட்டினால் தெரிந்துவிடும். நான் தட்டவில்லை, தட்டவும் மாட்டேன். அவர் என்னிடம் கேட்ட கேள்விகளில் அவருக்கே பதில் தெரியாதது அது ஒன்றுதான். அதை மட்டும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். எனக்குப் பதில் தெரிந்துவிட்டால், பிறகு நாங்கள் என்னத்தைப் பேசுவது?