ஆறு கோரைப்பல்

சுகுமாறனின் விரல் நுனியெல்லாம் இளஞ்சிவப்புத் தூள். இடது கை ஒரு மேல்தாடைத் தகட்டைப் பிடித்திருக்க, வலது கையிலிருந்த சின்ன மோட்டார் ஐந்தாவது கோரைப்பல்லின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு விலகியது. தொடுவார், நிறுத்துவார், நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு மறுபடி தொடுவார். மனித வாயில் இவ்வளவு நீளப் பல் முளைப்பதில்லை.

"மனுஷப் பல்லு பதினோரு செட்டு பாக்கி கெடக்கு. பேய்ப்பல்லுக்குத்தான் இவ்ளோ பாலிஷ்," என்றார் பக்கத்து மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்த குமுதா.

"லன்ச் டைம்லதானே செய்யறேன் அக்கா. இது பேய் இல்ல, துரூக்."

சுகுமாறனுக்கு நாற்பத்தாறு வயது. மலேசியாவின் கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைவீட்டு மாடியில் பல் செட் செய்கிறார். கிளினிக்குகளிலிருந்து வாய் அச்சுகள் வரும், செட்டுகளாகத் திரும்பிப் போகும். போட்டுக்கொள்ளும் ஆளை அவர் பார்ப்பதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியிலும், திரும்பி வந்து காட்ட வேண்டிய தேதியை எழுதி ஒரு சீட்டு வைக்காமல் அனுப்ப மாட்டார். "செட்டு குடுத்ததோட வேலை முடிஞ்சிடாது. வாயும் பல்லும் பழகுனாத்தான் எங்க குத்துதுன்னு தெரியும்," என்பார். பேச வருகிறவரின் கண்ணைப் பார்க்கும் முன் பல்லைப் பார்ப்பார். முறுக்கை எவர் எந்தப் பக்கம் கடிக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம்.

துரூக் என்பவர்கள் 'வெஸ்பாரா' படங்களில் வரும் விண்வெளிக் குலத்தார். மேல் வாயில் ஆறு கோரைப்பல். முதல் படத்தைச் சுகுமாறன் பார்த்தது பன்னிரண்டு வயதில், வகுப்புத் தோழன் சாதிக்கோடு. அதில் துரூக் தலைவன் ஆங்கிலத்தில் எடுக்கும் சபதத்தை இருவரும் பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில் தமிழாக்கிக்கொண்டார்கள்: "சூரியன் செத்தாலும் சொன்ன சொல் சாகாது." அதைச் சொல்லித்தான் எல்லா வெஸ்பாரா படத்தையும் முதல் நாளே சேர்ந்து பார்ப்பதென்று உறுதி எடுத்தார்கள். ஒன்பது படங்கள் அப்படியே பார்த்தாயிற்று. மூன்றாவது படத்திலிருந்து, சுகுமாறன் செய்த பல்லை மாட்டிக்கொண்டு.

ஏழாவது படத்தில், செத்த தலைவன் உயிரோடு வந்தான். எட்டாவதில் இன்னொரு முறை செத்து, இன்னொரு முறை வந்தான். ஒன்பதாவதில் சுகுமாறன் தூங்கிவிட்டார். கோபம் வந்திருந்தாலாவது பரவாயில்லை. இணையத்தில் பக்கம் பக்கமாகத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பொறாமையாக இருந்தது. திட்டுகிறவனுக்கு இன்னும் ஆசை மிச்சம் இருக்கிறது. அவருக்கோ ஒன்றுமே தோன்றவில்லை. வெஸ்பாரா பனியன்கள் இப்போது பாலிஷ் துணிகளாக மேசையில் கிடக்கின்றன.

பத்தாவது படம் சனிக்கிழமை வருகிறது. அவர் போவதாக இல்லை. ஒரு மாதமாக இதைச் சாதிக்கிடம் சொல்ல முடியாமல் பல்லை மட்டும் இழைத்துக்கொண்டிருந்தார்.

சாதிக் பள்ளி வேன் ஓட்டுகிறார். போன வருடம் வேன் கதவு முகத்தில் அடித்து முன்பல் இரண்டு போயின. பழைய துரூக் பல் அந்த வாயில் நிற்கவில்லை. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் கை வாயை மூடிக்கொள்ளும்.

அன்று பன்னிரண்டரை மணிக்குப் படியேறி வந்தார்.

"மொதல்ல மனுஷப் பல்லு ரெண்டு கட்டிக்குங்கண்ணே," என்றார் குமுதா.

"படம் முடியட்டும் அக்கா. வரிசைப்படிதான் லா."

புதுத் தகட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலச் சபதத்தைச் சொன்னார். அந்த ஒரு வரியில் அத்தனை 'ச' இருப்பதால், இத்தனை வருடமும் பல்லைச் சோதிக்க அதுதான் வாய்ப்பாடு. ஒவ்வொரு 'ச'வும் விசிலடித்தது. சுகுமாறன் தகட்டை வாங்கி, முன்பக்கத்தின் உள்புறத்தை இழைக்கத் திரும்பினார். முதுகு காட்டி நிற்கும்போது சொல்வது எளிதாக இருந்தது.

"இந்தப் படத்துக்கு நான் வரல, மச்சான்."

"என்னா? மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

மோட்டாரை நிறுத்தினார். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. "படத்துக்கு வரலன்னு சொன்னேன்."

"ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். பிடிக்கல. போன படத்துலயே தூங்கிட்டேன்."

"தெரியும். கொறட்டை விட்ட. முன் சீட்டு ஆன்டி ரெண்டு தடவ திரும்பிப் பாத்துச்சு."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"செட்டு நெறைய பாக்கின்னு அன்னைக்குச் சொன்ன. தூங்கட்டும்னு விட்டேன்." சாதிக் மேசையிலிருந்த பாலிஷ் துணியை விரித்தார். பாதி அழிந்த துரூக் முகம். அதை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தார். "அப்ப சொன்ன சொல்லு?"

சுகுமாறன் தகட்டில் ஒட்டியிருந்த தூளை ஊதினார்.

"எனக்கு இன்னும் பிடிக்குது சுகு. அவன் எத்தன தடவ செத்து வந்தாலும் பிடிக்குது. நான் போவேன்."

"போ. போகணும்னுதானே இதச் செய்யறேன்."

"வந்து கதை சொல்லட்டா?"

"கதை வேணாம். எந்த சீன்ல பல்லு நழுவுச்சுன்னு மட்டும் சொல்லு."

"அப்ப கதையும் சேந்துதானே வரும், மடையா."

சுகுமாறனுக்குச் சிரிப்பு வந்தது. மோட்டாரை முடுக்கி, மயிரிழை அளவு இழைத்து, கழுவிக் கொடுத்தார். சாதிக் மாட்டிக்கொண்டு மறுபடி சொன்னார். சூரியன், செத்தாலும், சொன்ன சொல், சாகாது. ஒரு 'ச'கூட விசிலடிக்கவில்லை. சுகுமாறன் கண்ணை மூடிக் கடைசி எழுத்துவரை கேட்டார்.

"இன்னொரு தடவ சொல்லு."

"சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. சொல்லு."

சொல்லி முடித்துச் சாதிக் சிரித்தார். ஆறு கோரைப்பல்லும் தெரிந்தன. கை மடியிலேயே கிடந்தது.

சுகுமாறன் செட்டைக் கழற்றி வாங்கித் துடைத்தார். ஈரப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். பிறகு சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து, தேதிக்கான இடத்தில் எழுதினார்: 'சனிக்கிழமை, படம் முடிந்ததும், ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடை.' சீட்டைப் பஞ்சின் மேல் வைத்து, பெட்டியை மூடி, இரண்டு கையாலும் நீட்டினார்.