சூடானால் விழாத கியர்

ரத்தக்காரர் என்ற பெயர் அவருக்கு வேலையால் வந்தது. சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுத்த ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் நகரத்தின் மறுகோடியிலிருக்கும் பரிசோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும். நேரம் தப்பினால் குழாயைக் கொட்டிவிடுவார்கள். நோயாளிக்கு மறுபடியும் ஊசி. பத்தொன்பது வருடத்தில் அவரால் அப்படி ஆனது ஒரே ஒரு முறை, அதுவும் பாலத்தில் தண்ணீர் ஏறிய அன்று.

அந்தக் கோடையில் மட்டும் இரண்டு முறை ஆகிவிட்டது. மூன்றாவது முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

காரணம் கியர். காலையில் கிளம்பும்போது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழும். முக்கால் மணி நேரம் ஓடி இன்ஜின் சூடானதும் முரண்டு பிடிக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக சுவரை உதைப்பதுபோல் உதைக்க வேண்டும். சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது. பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அவருடைய வம்சத்தையே விசாரிப்பார்கள். மதியம் ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால் மறுபடி சாதுவாகிவிடும்.

மெக்கானிக் அவரைவிடப் பத்து வயது இளையவன். வாய் நீளம், கை சுத்தம். முதலில் கிளட்ச் கேபிளை இறுக்கினான். பிறகு கேபிளையே மாற்றினான். இன்ஜின் ஆயிலை மாற்றினான். கடைசியில் இன்ஜினின் ஒரு பக்கத்தைக் கழற்றி, சூட்டில் நெளிந்திருக்கும் என்று கிளட்ச் தட்டுகளையும் புதிதாகப் போட்டான். நான்காவது நாள் ரத்தக்காரர் திரும்பவும் வந்து நின்றார்.

"என்னண்ணே, வண்டி மேல அவ்வளவு பாசமா? தினம் கூட்டிட்டு வர்றீங்க."

"அப்படியேதான் இருக்குடா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். குடுங்க, நானே ஓட்டிப் பாக்குறேன்."

உச்சி வெயிலில் எடுத்துக்கொண்டு போனவன் கால் மணி நேரம் கழித்து வந்தான். இன்ஜின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டான். சீறி மறைந்தது. நின்ற இடத்திலேயே கியரை மேலும் கீழும் தட்டிக் காட்டினான். ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் விழுந்தது.

"இதுக்கு மேல சூடாகணும்னா அடுப்புல வைக்கணும். எங்கண்ணே விழல?"

ரத்தக்காரருக்குச் சுருக்கென்றது. அன்று காலை முழுக்க இரண்டு நடை ஓட்டிவிட்டு வந்திருந்தார். ஏறி உட்கார்ந்து, கிளட்ச்சைப் பிடித்து, கியரை மிதித்தார். கடக்கென்று இடித்து நின்றது.

"பாத்தியா?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டேதான் கீழே குந்தினான். இன்ஜினுக்குள் போகும் கேபிள் முனையில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். கிளட்ச்சைப் பிடித்தால் அது நகர வேண்டும். அதையே பார்த்துக்கொண்டு, "பிடிங்க," என்றான். பிடித்தார். "முழுசாப் பிடிங்கண்ணே."

"முழுசாத்தான்டா பிடிச்சிருக்கேன்."

"பாதிதான் வருது."

"முழுசாத்தான் பிடிச்சிருக்கேன்னு சொல்றேன்ல."

மெக்கானிக் எழுந்தான். கிரீஸ் படிந்த தன் கையை அவருடைய இடது கைமேல் வைத்து அழுத்தினான். லீவர் இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே போனது. "இப்ப மிதிங்க."

கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

மெக்கானிக் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. வலது கையில் அந்த இடம் கெட்டியாக இருந்தது.

"அந்தக் கூடம் கோணல்னு சொன்னது... சும்மா விளையாட்டுக்குண்ணே," என்றான்.

வீட்டில் மனைவி அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டப்பா மூடியைத் திறக்கச் சொல்லி எங்கிட்ட நீட்டுனீங்களே, அப்பவே கேட்டிருக்கணும். பொண்டாட்டிய வேலை வாங்குறதுல ஒரு சுகம் போலன்னு நெனச்சேன்."

"எனக்கே தெரியல."

"சட்டைப் பட்டனை ஒத்தக் கையில போட்டீங்க. அதுவும் தெரியலையா?"

தெரிந்தும் தெரியாமலும் ஒன்றை வைத்துக்கொள்ள முடியும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கோளாறு வண்டிக்கு என்று சொன்னவரைக்கும் அதற்கு ஒரு மெக்கானிக் இருந்தான்.

மறுநாள் அவர் நடையில் இருந்த ஒரு மருத்துவமனையின் டாக்டரம்மாவிடமே கையைக் காட்டினார். அந்த அம்மா விரல்களை மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். கைக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி வாய்வரை வந்து அடங்கியது. "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், நரம்பு டாக்டரைப் பாருங்க. முதல்ல ரத்தம் பாத்துடுவோம்," என்றார். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

நர்ஸ் ரத்தம் எடுத்து, குழாயில் சீட்டு ஒட்டி, பழக்கத்தில் அவரிடமே நீட்டினாள். அவரும் பழக்கத்தில் வாங்கிப் பெட்டியில் மற்றவற்றோடு சொருகினார்.

அன்று பாதி வழியிலேயே கை விட்டுவிட்டது. மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டு, கடைசிச் சிக்னலில் இன்ஜின் அணைந்தது. கியரில் நிற்கும் வண்டி தள்ளினாலும் நகராது. இறங்கி இடப்பக்கம் நின்று, வலது கையால் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, வற்றிய கையைத் தொங்கவிட்டு, இடுப்பை வண்டியில் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். வெயில் மண்டையைப் பிளந்தது.

கவுண்டர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினோரு நிமிஷம் லேட். எடுக்க முடியாதுண்ணே, தெரியும்ல."

"தெரியும்மா."

அவள் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சீட்டைப் படித்துத் தள்ளிவைத்தாள். ஒன்றில் நின்றாள். "இது உங்க பேராச்சே."

"ஆமா."

"இதை மட்டும் வேணா..."

"வேணாம்மா," என்றார் ரத்தக்காரர். "எல்லாரையும் போலத்தான். மறுபடி குத்திக்கிறேன்."

மூன்றாவது முறையும் ஆகிவிட்டது. காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டி ஆறியிருந்தது. அவர் ஏறவில்லை. வலது கையால் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியில் சரிசெய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்தும், மெக்கானிக் கடை இருக்கும் பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தார்.