ஆற்று மணலில் அப்பாவின் கால்கள்

எங்களுக்குக் கடல் கிடையாது. பரமத்தி வேலூரில் எந்தப் பஸ் ஏறினாலும் கரூர் வரும், நாமக்கல் வரும், கடல் வராது. ஆனால் மாசி பிறந்தால் காவிரியில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கிவிடும். பாலத்துக்குக் கீழே கண் போகிற தூரம் மணல்தான். அதையே கடற்கரை என்று நான் வைத்துக்கொண்டேன். வேறு வழியில்லை. கைப்பேசியில் நான் பார்த்துவைத்திருந்த உடற்பயிற்சிக் காணொளிகளில் எல்லோரும் அலைக்குப் பக்கத்தில்தான் ஓடினார்கள்.

பயிற்சி எனக்கு இல்லை, அப்பாவுக்கு.

அப்பா லாரி ஓட்டுநர். என் வயதைவிட அதிக வருஷங்கள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தே கழித்தவர். எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடப்பார்கள். போன வருஷம் முதல்முறையாக அப்பாவும் கிளம்பினார். தாராபுரம் வருவதற்குள் கால் விட்டுவிட்டது. மிச்ச வழியெல்லாம் கூட்டத்துக்குப் பின்னால் சாமான் ஏற்றி வந்த வேனில்தான் போனார். யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தை நடத்திப்போகிறவர் அப்பாவோடு லாரி ஓட்டியவர், எனக்கு மாமா முறை. அவர் மட்டும் டீக்கடையில் வைத்துக் கேட்டார்: "ஏன் மச்சான், அரிசி மூட்டைக்குப் பக்கத்துல எடம் நல்லா இருந்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் இந்த வருஷம் தை முடிந்ததும் என் அறை வாசலில் வந்து நின்று, "சாமி, இந்த வாட்டி வேன்ல ஏறாம போயிரோணும். என்ன பண்றது?" என்றார்.

இதற்குத்தான் காத்திருந்தவள் போல எழுந்தேன். படிப்பு முடித்து, வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்து, நாற்காலியில் உட்காரவே பிடிக்காமல் இருந்த நாட்கள் அவை. அன்றைக்கே ஏழெட்டுக் காணொளி பார்த்தேன். மணலில் நடந்தால் கெண்டைக்கால் பலப்படும், முட்டிக்கு அடி குறைவு, புதிதாகத் தொடங்குகிறவர்கள் மெத்தென்ற ஷூ போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெறுங்காலுக்கு மாற வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கரூர் போய் அப்பாவுக்கு ஷூ வாங்குவதாகத் திட்டம்.

சனிக்கிழமையே அவர் கோவிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மாலை போட்டால் பழனி போய் இறக்கும் வரை காலில் செருப்பு கூடாது. ஷூவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"ஏனுங்க, உத்திரத்துக்கு இன்னும் நாள் கெடக்குதே, இப்பவே போடோணுமா?" என்றாள் அம்மா.

"மாலை போட்டாத்தான் மனசு நிக்கும்."

"மனசு நிக்கும். காலு?"

அம்மா கேட்டது சரியான கேள்வி. அப்பா செருப்பைக் கழற்றுவது லாரிக்குள் மட்டும்தான். கீழே இறங்கினால் முதல் காரியமாக அதை மாட்டிக்கொள்வார். அவர் உள்ளங்காலுக்குத் தெரிந்ததெல்லாம் கிளட்சும் பிரேக்கும் ஆக்சிலேட்டரும்தான்.

திங்கள்கிழமை விடியற்காலையில் தொடங்குவதாக இருந்தது. லோடு இறக்க நேரமாகி அப்பா உச்சிவெயிலில்தான் ஊர் வந்தார். முதல் நாளே விடக்கூடாது என்று என்னிடம் சொல்லாமல் நேரே ஆற்றுக்குப் போய்விட்டார். கரையோரம் நிழலில் மணல் பதமாகத்தான் இருந்திருக்கிறது. நம்பி நடுமணலுக்குப் போனபிறகுதான் சூடு ஏறியிருக்கிறது. திரும்புவதா, தண்ணீர்வரை போவதா என்று யோசிக்க நின்றாலும் சுட்டது. கடைசியில் தண்ணீரைப் பார்த்து ஓடினாராம். அவர் வாழ்க்கையில் நான் அறிந்த ஒரே ஓட்டம் அது. அதையும் நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அம்மா குளிர்ந்த தண்ணீரில் காலை முக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடலையை எதுல வறுக்கறாங்க?"

அப்பா காலை இன்னும் ஆழமாக முக்கினார்.

"சொல்லுங்க. மணல்லதான வறுக்கறாங்க? அது தெரிஞ்சுமா உச்சிவெயில்ல எறங்குனீங்க?"

கொப்புளம் ஆறும்வரை ஆற்றுப்பக்கமே போகவில்லை. மாலையைக் கழற்றிவிடலாமா என்று நான் கேட்டேன். அம்மா, அப்பா இருவரும் ஒரே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சரி, வெறுங்கால்தான் என்றால் வெறுங்காலுக்கே பாடம் என்று திட்டத்தை மாற்றினேன்.

அதற்குப் பிறகு வந்த காலைகள் எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கின்றன. கிழக்கு வெளுக்கும்போது நாங்கள் மணலில் இருப்போம். வெற்றிலைக் கொடிக்காலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பாலத்தின் மேல் சைக்கிளில் போவார்கள். நான் முன்னால் போய் உடைந்த பாட்டில், முள் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பேன். மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. அதனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது என் சட்டம். முதலில் இறுகிய ஈர மணலில் சும்மா நடை. உடம்பு சூடானபிறகு மட்டும் தளர்ந்த மணலில் கொஞ்ச தூரம், பிறகு திரும்ப ஈரத்துக்கு. எங்கே வலித்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும்.

அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கணுக்காலைச் சுழற்றுவதைப் பார்த்து ஒருநாள் கொடிக்கால்காரர் ஒருவர் பாலத்திலிருந்து கத்தினார்: "ஏனுங்ணா, ஆத்துக்குள்ள என்னத்தத் தேடறீங்க?"

"தொலஞ்சு போன காலத் தேடறேன் தம்பி!"

நான் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்பேன். அப்பா போய்த் திரும்பி வருவார். தூரத்தில் அவர் சின்னதாகி, கொக்குகளோடு கொக்காகத் தெரிவார். திரும்பி வரும்போது அந்த நடையில் ஒரு நிதானம் இருக்கும். வண்டியை நியூட்ரலில் விட்ட மாதிரி. அம்மா ஒருநாள் தூக்குப்போசியில் கம்மங்கூழ் கொண்டுவந்தவள், "நீயும் கூட நடந்தா என்ன கண்ணு?" என்றாள்.

"நான் கோச்சும்மா."

"ஓ" என்றாள் அம்மா.

இரண்டாவது வாரத்தில் அப்பாவுக்கு வலது முட்டி வலிக்கத் தொடங்கியது. வலது மட்டும். நான் பயந்துபோனேன். இரவெல்லாம் காணொளி பார்த்தும் காரணம் புரியவில்லை. காலையில் அவர் நடந்துபோன தடத்தைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தண்ணீர்ப் பக்கத்துக் கால்தடம் ஆழமாகவும் கரைப்பக்கத்துத் தடம் மேலாகவும் இருந்தது. தண்ணீரோரம் மணல் சரிவு. போகும்போது அந்தச் சரிவில் போகிறவர், வரும்போது கரைமேட்டு வண்டிப்பாதையில் வந்துவிடுகிறார். வலது காலே எந்நேரமும் பள்ளத்தில்.

சொன்னதும் அப்பாவுக்கு உடனே பிடிபட்டது. "ஒரு பக்க டயர் மட்டும் தேயுது. அப்படித்தான?"

அப்படித்தான். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு சமமான இடமாகப் பார்த்து, போன வழியிலேயே திரும்பி வந்தார். வலி குறைந்தது. குறைந்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. இன்றைக்கு அடுத்த ஊர்வரை போகிறேன் என்பார். "ஓவர்லோடு ஏத்தாதீங்கப்பா" என்பேன். "சரிங்க ஆபீசர்" என்று நின்றுவிடுவார். எனக்கே ஆச்சரியமாக இருக்கும். சோதனைச்சாவடியில்கூட அவ்வளவு சுலபமாக நிற்காதவர் அவர்.

பங்குனியில் நானும் கூட்டத்தோடு கிளம்பினேன். எனக்கு மாலை இல்லை. அதனால் கரூரில் வாங்கிய புது ஷூ. கொடுமுடியில் தீர்த்தம் எடுத்து, அரோகரா போட்டு நடக்கத் தொடங்கியதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் ஓடினேன், படம் எடுத்தேன், அப்பா எப்படி நடக்கிறார் என்று பார்க்கப் பின்னால் ஓடிவந்தேன், மறுபடி முன்னால் ஓடினேன்.

"பாப்பா காலுல பேட்டரி போட்டிருக்குது" என்றார் மாமா.

அப்பா தார்ச்சாலையை விட்டிறங்கி ஓரத்து மண்ணில் ஒரே சீராக வந்துகொண்டிருந்தார். யாரையும் முந்தவில்லை.

மறுநாள் காலை எழுந்தபோது என் கெண்டைக்கால் இரண்டும் அம்மிக்கல். சுண்டுவிரல்களில் கொப்புளம். காட்டிக்கொள்ளாமல் கொஞ்ச தூரம் நடந்தேன். அப்பா பின்னாலிருந்து, "நில்லு சாமி" என்றார்.

நின்றேன்.

"வலிச்சா என்ன பண்ணோணும்?"

"இல்லப்பா, கொஞ்சம்தான்..."

"என்ன பண்ணோணும்?"

"நிறுத்தணும்."

அவர் கைகாட்ட வேன் வந்து நின்றது. மாமாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "மச்சான், உன்ற எடத்தப் பாப்பாவுக்கு எழுதிக் குடுத்துட்டியா?" என்றார். அப்பா அதைக் காதில் வாங்காமல் வேனுக்குள் எட்டிப் பார்த்து, நிஜமான அக்கறையோடு சொன்னார்: "அண்டாப் பக்கம் உக்காராத, திருப்பத்துல இடிக்கும். மூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவுல காலை நீட்டிக்க. அதுதான் நல்ல எடம்."

ஷூவைக் கழற்றிவிட்டு அங்கேதான் உட்கார்ந்தேன். உண்மையிலேயே நல்ல இடம். அடுத்த தங்கலில் சமைக்க வேன் கூட்டத்தைத் தாண்டிப் போனபோது, பின்கதவு வழியாக அப்பாவின் கால்கள் வெகுநேரம் தெரிந்தன. பிறகு சாலை வளைந்துவிட்டது.

கடைசி நாள் வேன் முன்கூட்டியே பழனி போய்ச் சேர்ந்தது. அடிவாரத்தில் ஈரத்துண்டும் மோரும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் வந்தது. முதலில் கோஷம் கேட்டது. பிறகு நொண்டிக்கொண்டு மாமா வந்தார். அவருக்குச் சற்றுப் பின்னால், நடுக்கூட்டத்தில், கொடுமுடியில் கிளம்பிய அதே வேகத்தில் அப்பா. உதடு காய்ந்திருந்தது. மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"உன்ற கால் வலி எறங்குச்சா?"

"எறங்கிடுச்சுப்பா. உங்களுக்கு?"

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். மற்ற காலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். தார்க்கறையும் மண்ணுமாக, காய்த்துப்போய் இருந்தது.

"பாரு" என்றார். "ஒரு பஞ்சர் இல்ல."