பத்து மணிக்கு நிமிரும் முதுகு

இன்று திருவொற்றியூர் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் என் மகள் செல்வியின் மாமியார். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

"செல்விக்கு இன்னா வியாதின்னாங்கக்கா?"

அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பு வாதம் என்றேன். "ஏன் கேக்குற?"

"என் சின்னவனுக்குக் காலைல முதுகு மரக்கட்டையாட்டம் கீது. போட்ல ஏற முடில. மத்தியானம் நல்லா நடக்குறான்."

செல்விக்கும் அப்படித்தான். விடியற்காலை மீன் ஏலத்துக்கு எழுந்திருக்க முடியாது. பத்து மணிக்கு மேல் நடமாடுவாள்.

"ஏலம் முடிஞ்சாதான் இடுப்பு நிமிருமா? நடிக்கிறா" என்று கரையில் எல்லார் முன்னாலும் சொல்லி, அவளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டவள் இவள். அன்றைக்குக் கட்டியிருந்த பச்சைப் புடவைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"உம்புள்ளயும் நடிக்கிறானோ இன்னாவோ" என்றேன்.

அழுதாள். அழட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டுவாத டாக்டர் வரும் கிழமையைச் சொன்னேன்.

"அதுவரைக்கும் படுக்கவே வைக்காத. படுத்தா இன்னும் இறுகிக்கும். மெதுவா நடக்கச் சொல்லு."

ராயபுரத்தில் இறங்கும்போது என் கையைப் பிடித்தாள். "செல்விய வூட்டுக்கு அனுப்புக்கா."

வீட்டுக்கு வந்து அவள் கொழுந்தனின் முதுகுவலியைச் செல்வியிடம் சொன்னேன். "பாவம்மா அவன்" என்றாள். மாமியார் கூப்பிட்டதை மட்டும் நான் சொல்லவில்லை.

செல்வி ஃபேஸ்புக் பார்ப்பதில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். அவளிடம் சொல்லணும் என்பவர்கள் காரணத்தோடு கமெண்டில் எழுதுங்கள்.