பல் டாக்டரின் மலைச்சரிவு

நான் ஊரைவிட்டுப் புறப்பட்டது ஏப்ரல் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அன்று வேன் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அனார்கான் அக்கா உள்ளே ஏறி எல்லோருடைய பைகளையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். காட்டுத் துலிப் பூக்கும் மூன்று வாரமும் தலைநகர் பிஷ்கெக் போகிற வேன் எதையும் அவர் சோதிக்காமல் விடுவதில்லை. அதற்கு அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அரசாங்கம் சம்பளம் கொடுப்பது பல் பிடுங்க மட்டும்தான்.

என் பையில் ஒரே ஒரு பூ இருந்தது.

"ஊர் ஞாபகத்துக்கு வச்சிருக்கேன் அக்கா."

"ஞாபகத்துக்குப் போட்டோ எடுத்துக்கோ பெர்மெத். விதை போட்டு இது பூக்க ஏழு வருஷம் ஆகும். நீ காலேஜே நாலு வருஷத்துல முடிச்சவ."

ஆறு வருடம் ஐந்து நாடுகளில் அலைந்துவிட்டுத் திரும்பினேன். சாலை அகலமாகியிருந்தது. அக்கா அதே ரப்பர் பூட்ஸில் இருந்தார். மாலை நான்கு மணிக்கு மருத்துவமனையைப் பூட்டுவார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மலைச்சரிவில் ஏறிவிடுவார். பாட்டில் பொறுக்குவார், ஆடுகளைத் திருப்பி விடுவார், ஜீப் ஏறிவந்த தடத்தில் பாறைகளை உருட்டி வைப்பார். பலருடைய பெயர் அவருக்கு நினைவில் நிற்காது, பல்தான் நிற்கும்.

"ஏய், கீழ் வரிசை ரெண்டாவது கடவாப்பல்லு! பூவக் கீழ வைடா!"

அக்காவைக் கண்டதும் பூப் பறிக்கிறவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே பல் டாக்டர். அடுத்தவர் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். இதுவரை அக்கா யாருக்கும் வைத்தியம் மறுத்ததில்லை. இருந்தாலும் ஆட்டுக்காரர் ஜோலோன் சொல்வார்: "மரத்துப்போற ஊசி தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா, என்னடா பண்ணுவ?"

போன வசந்தத்தில் ஊர்த் தலைவர் துர்தகுனுக்கு நன்றியுணர்ச்சி பொங்கிவிட்டது. சம்பளமில்லாமல் இருபது வருடம் மலையைக் காத்தவருக்குப் பெரிய விருந்து. கறிக்கு ஒரு குதிரை, ஒன்பது கம்பளிக் கூடாரம், விருந்தாளிகள் வர அறுபது கார்.

"எங்க வைக்கப்போறேன் தெரியுமா அக்கா? நீங்க காப்பாத்துன சரிவுலயே! அதுவும் பூ பூக்குற வாரத்துல!"

அக்காவுக்கு முகம் வெளுத்தது. அறுபது கார் ஏறினால் இருபது வருடமும் ஒரே மத்தியானத்தில் நசுங்கிவிடும்.

"வேணாம் தம்பி" என்றார்.

எங்கள் ஊரில் மரியாதை செய்கிறோம் என்றால் யாரும் உடனே சரி சொல்வதில்லை. வேண்டாம் என்பது அடக்கம். விடாமல் மரியாதையைக் கூட்டிக்கொண்டே போவது பண்பு. துர்தகுன் பண்புள்ளவர். பத்தாவது கூடாரம் சேர்த்தார். அக்கா வீடு தேடிப் போய் மறுத்தார், பதினொன்று. சந்தையில் வைத்து, எல்லோரும் பார்க்கக் கத்தினார்.

"என்ன ஒரு அடக்கம்!" என்று கண்கலங்கிய துர்தகுன், பன்னிரண்டாவது கூடாரத்துக்கும் ஆள் அனுப்பினார்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு அவருக்குப் பல்வலி வந்தது.

நானும் பல்லைக் காட்ட வந்து மருத்துவமனையில் அதே அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். துர்தகுனின் வாய் முழுக்கப் பஞ்சு. அக்கா ஊசி போட்டுவிட்டு, கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"விருந்து சரிவுல வேணாம் தம்பி. கால்பந்து மைதானத்துல வச்சுக்கலாமா?"

"ஆ... ஆங்..."

"மைதானந்தானே?"

"ஆஆஆ!"

"சரிங்கறாரு. பெர்மெத், நீதான் சாட்சி."

நான் பலமாகத் தலையாட்டினேன். அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப்போவது நான்தான்.

துர்தகுனின் உதடு மரப்பு விட இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஊரில் எல்லோருடைய செல்போனுக்கும் இடம் மாறிய செய்தி போய்விட்டது. "நான் அப்படிச் சொல்லல" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அடக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

மைதானத்தில் விருந்து நடந்தது. நீல வெல்வெட்டில் பொன்சரிகை வேலை செய்த நீளக் கோட்டு ஒன்றை அக்காவுக்குப் போர்த்தினார்கள். கணுக்கால் வரை தொங்கியது. எல்லோரும் கைதட்ட, அக்கா கூட்டத்தைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்துக்கு வந்த கார் ஒன்று போட்டோ எடுக்கச் சரிவுப் பக்கம் திரும்பியது. குதிரைக் கறி தட்டுக்கு வருவதற்குள், கோட்டை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா ஓடினார். நன்றியுரையைத் துர்தகுன் காலி நாற்காலியைப் பார்த்துப் படித்தார்.

இலையுதிர் காலத்தில் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. விருந்து நடந்து ஒரு வருடம் கழித்து, வேறொரு நாட்டில் பேருந்துக்காக நின்றிருந்தபோது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. சரிவுக்கு ஏறும் பாதையின் திருப்பம். பின்னால் மலை முழுக்கச் சிவப்பு. திருப்பத்தில் நட்ட கம்பத்தில், குறுக்குக் கட்டைமேல் கைகளை விரித்தபடி அந்தப் பொன்சரிகைக் கோட்டு. உச்சியில் அக்காவின் வெள்ளைத் தலைத்துணி. சாலையிலிருந்து பார்த்தால் அவர் நிற்பது போலவே இருக்கும்.

கீழே எழுதியிருந்தார்: "நான் கிளினிக்ல இருக்கேன். யாருகிட்டயும் சொல்லிடாத."