கல்வராயன் அடிவாரத்தில் அப்பாவின் பங்கு

குலதெய்வக் கோயிலில் நம் பங்கு நின்றுபோய்விட்டது என்று அப்பா சாகும்வரை புலம்பினார். அவருடைய அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். நான் ஈப்போவில் பள்ளி ஆசிரியை, கொஞ்சம் கதையும் எழுதுவேன். அப்பா போன மறு ஆடியில், அந்தப் பங்கைக் கேட்டு வாங்கியே தீருவதென்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஆறு மணி நேரம், இடுப்பு விட்டுப்போகும். அங்கிருந்து கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ். வெள்ளிமலைக்கு மேலே ஏறுகிற பஸ்ஸும் இதே வழிதான், ஆனால் காலையிலேயே பிடிக்க வேண்டும். கச்சிராயபாளையத்தில் முருகேசன் அண்ணன் ஆட்டோவோடு நின்றார். அப்பாவின் பங்காளி மகன், அதுவரை போனில் மட்டும் பேசியவர்.

மலையடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலில் எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, பாட்டில் தண்ணீர், வார்த்தைக்கு வார்த்தை 'வாங்க, போங்க'. கூச்சமாக இருந்தது. கிடா வெட்டியதும் கறியில் பாதியைப் பந்திக்கு ஒதுக்கி, மீதியைப் பங்காளி வீட்டுக்கு ஒரு கூறாகத் தேக்கிலையில் வைத்தார்கள். எங்களுக்குக் கூறு இல்லை.

"எங்கப்பா பங்கு?" என்றேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "பொண்ணுங்களுக்குத் தர்றதில்ல கண்ணு. நீ கட்டிக்குடுத்த பொண்ணாச்சே."

"அப்பாவுக்கு ஆம்பளப் பிள்ளை இல்லை. அப்போ எங்க வீடே இல்லைன்னு அர்த்தமா?"

அண்ணி செல்விதான் குழம்பு வாளியை என் கையில் திணித்தாள். "இன்னா சண்ட போட்டுக்கினு நிக்கிற? வூட்டுப் பொண்ணு நீ, பந்திய கவனி."

மாமன் மச்சான், வெளியூர்க்காரர்கள் எல்லாரும் முதல் பந்தி. வீட்டுப் பெண்கள் கடைசி. நாங்கள் உட்கார்ந்தபோது கறி தீர்ந்துபோய் எலும்பும் குழம்பும்தான் மிச்சம். அத்தனை சந்தோஷமாக நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை. ஆனாலும் அப்பாவின் பங்கு கிடைக்கவில்லை என்பது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

சொந்தம் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று: தாத்தா பேரைவிடக் குலதெய்வத்தின் பேர் சீக்கிரம் வழி காட்டும். ஆடியில் போனால் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

கிளம்பும்போது அண்ணனிடம், இந்த வழக்கத்தை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது என்றேன்.

"அடுத்த ஆடிக்கு வா. பங்காளிங்க கூட்டத்துல நீயே கேளு," என்றார்.

விருந்தாளியாக இருந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பேன். இது வீட்டுச் சண்டை. டிக்கெட் போட்டுவிட்டேன்.