வீடு பார்க்க வாத்தியார் வந்த நாள்

நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து கோணல் மாணலாக இருக்கும், முன்னே நடந்தது பின்னேயும் பின்னே நடந்தது முன்னேயும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். எழுதுறதுன்னா பரவாயில்லை, யாரும் என் மூஞ்சியைப் பார்க்கப் போறதில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்த சமயம் அது. சின்னசேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பத்து வயசுப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும், எனக்குத் தினமும் திருவிழாதான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டை விற்க வேண்டி வந்தது. கல்வராயன் மலை அடிவாரத்தில் கிணற்றோடு ஒரு நிலம் விலைக்கு வந்திருந்தது. வற்றாத கிணறு. மழையை நம்பியே காலம் தள்ளிய அப்பாவுக்குத் தூக்கத்தில்கூட அந்தக் கிணறுதான். வீடு நல்ல விலைக்குப் போனால் கிணறு எங்களுக்கு, விலை குறைந்தால் கிணறு போச்சு. கள்ளக்குறிச்சித் தரகர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் மாற்றலாகி வருகிறார், கவர்மெண்ட் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவார்.

அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. அம்மாவின் தம்பி, என் மாமா, எல்லாப் பொறுப்பையும் தலையில் போட்டுக்கொண்டார். கஷ்டத்துக்கு விற்கிற வீடு என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள், செழிப்பான வீடாகக் காட்ட வேண்டும் என்பது அவர் யோசனை. காலையில் மறியலுக்குப் போய் மரம் வெட்டுவார், மத்தியானம் வந்து எங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்.

"பஸ்ஸு இல்லாம அந்த ஆளு எப்புடிக்கா வருவாரு?" என்று ஒருநாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நீயே மரத்த வெட்டிப் போட்டுட்டு நீயே பஸ்ஸு இல்லன்னு அழுவுறியா? நல்லா கீதுடா உன் ஞாயம்!" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா அப்பாவுக்குப் பங்காளி. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். "உன் வூடு ஜாஸ்திக்குப் போனாதான்டா நாளைக்கு என் வூட்டுக்கும் வெல. இன்னா வேணும் சொல்லு" என்று தன் கறவை மாட்டை அவரே ஓட்டிவந்து எங்கள் வாசலில் கட்டினார். நெல் கொட்டி வைக்கிற எங்கள் மண் குதிர் காலியாகக் கிடந்தது. மாமா ரைஸ் மில்லிலிருந்து உமி கொண்டுவந்து கழுத்து மட்டும் கொட்டி, மேலாக மட்டும் நெல்லைப் பரப்பினார்.

எனக்குக் கொடுத்த வேலை குருவி. குருவி கூடு கட்டுகிற வீடு விளங்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை, வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் விட்டத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக் குருவிகளோ சுண்ணாம்பு நெடி தாங்காமல் ஓடிப்போயிருந்தன. நான் கம்புத் தானியத்தை இறைத்து இறைத்துத் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஜோடி வந்து விட்டத்தில் உட்கார்ந்ததே, எனக்குத் தலைகால் புரியவில்லை!

வாத்தியார் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் மரத்துக் கறை. ஒல்லி ஆள், சிரித்த முகம். வந்ததும் அண்ணாந்து பார்த்து, "அட, குருவி! எங்க பொண்ணுக்கு ரொம்பப் புடிக்கும்" என்றார். நான் மாமாவைப் பெருமையாகப் பார்த்தேன். பெரியம்மா தன் வீட்டு வெண்கல டம்ளரிலேயே மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு நேராகக் குதிர்ப் பக்கம் போனவர், முழங்கை மட்டும் கையை உள்ளே விட்டார்.

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கையை எடுத்தால் பூராவும் உமி. தட்டிவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நல்ல வெளச்சல்தான்" என்றார். பிறகு அப்பாவிடம், "நீங்க சொன்ன வெலையே இருக்கட்டும்ங்க. பேரம் இன்னாத்துக்கு" என்றார்.

அம்மா வெற்றிலைத் தட்டு எடுக்க உள்ளே ஓடினாள். மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கிணறு, மலை, மலைப் பலாப்பழம் எல்லாம் எனக்கு அங்கேயே தெரிந்தது!

அப்போதுதான் பெரியப்பா கேட்டார், "சாருக்குச் சொந்த ஊரு எதுங்க?"

"களமருதூருங்க."

"அங்க எந்தத் தெரு?"

"காலனிங்க" என்றார் வாத்தியார், முகம் மாறாமல்.

எங்கள் ஊரில் இதை முதலிலேயே கேட்டுவிடுவார்கள். தரகர் கேட்டிருப்பார் என்று அப்பா இருந்துவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று தரகர் இருந்துவிட்டார் போல.

பெரியப்பா எழுந்துபோய் மாட்டை அவிழ்த்தார். நான் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடி, "பெரியப்பா, அவுக்காதீங்க! அவரு இன்னும் போவல. இது நம்ம மாடு இல்லன்னு தெரிஞ்சா வெல கம்மியாயிடும்!" என்று காதோரம் சொன்னேன்.

"கம்மியாயிடுச்சு பாப்பா. உங்க வூடு மட்டுமில்ல, தெருவே கம்மியாயிடுச்சு" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தால் அம்மா வெற்றிலைத் தட்டோடு நிலைப்படியிலேயே நிற்கிறாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "வூட்டுல கலந்துகினு சொல்லி அனுப்புறேங்க" என்றார். வாத்தியார் டம்ளரைத் தானே தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெரியம்மா அந்த டம்ளரைத் தொடவேயில்லை. "நீயே வெச்சிக்கடி" என்று என்னிடம் சொல்லிவிட்டாள். அவ்வளவு கனமான வெண்கல டம்ளர், எனக்கே எனக்கு! தெரு பூராவும் காட்டிக்கொண்டு ஓடினேன்.

மாமா மறுநாளும் மறியலுக்குப் போனார். எங்க பங்கு எங்களுக்கு வேணும் என்று அவர்கள் போட்ட சத்தம் எங்கள் வீடுவரைக்கும் கேட்டது.

கடைசியில் பெரியப்பாவே எங்கள் வீட்டை வாங்கிக்கொண்டார். வாத்தியார் தர இருந்ததில் பாதிதான் கொடுத்தார். தெரு விலை கெட்டுவிடக் கூடாதே என்றுதான் வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னார். கிணற்று நிலம் வேறு யாருக்கோ போய்விட்டது, அதை ஒட்டிய, தண்ணீர் இல்லாத மேட்டுக்காடுதான் எங்களுக்குக் கிடைத்தது. நானோ மாட்டுவண்டியில் எக்கி எக்கி மலையைப் பார்த்துக்கொண்டு குதியாட்டமாகப் போனேன். உமியைக் கண்டுபிடித்ததால்தான் வாத்தியார் வீடு வேண்டாம் என்று போய்விட்டார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கண்ணைச் சிமிட்டிவிட்டு இப்படிப் பண்ணிவிட்டாரே என்று அவர்மேல்தான் எனக்குக் கோபம்.

மறியல் எந்த மாசம் என்று சரியாக ஞாபகமில்லை. அவர் சொன்னது களமருதூர்தானா, பக்கத்து ஊரா என்பதும் சந்தேகம். தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துத் தப்பு இருந்தால் திருத்துங்கள். குருவி பிடிக்கும் என்றாரே அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பிறகு எங்கே வீடு கிடைத்தது என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.